தலைமையாசிரியர் மேசைக்கு ஒரு புறாவால் ஜிக்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது எளிது. பள்ளிக்கூடத்துக்கென ஒரு பொருளை வாங்குவதுதான் கடினம். கொள்முதல் குழுவில் ஒருமுறையேனும் கையெழுத்திட்டு, அதன் பின்னர் உறக்கத்தை இழந்த அன்பர்கள் இதனைப் படித்தால், இவ்வுலகில் தாம் தனியர் அல்லர் என்று தேறுவார்கள்.

பொறுப்பு வந்த வழி

எழுபதுகளின் பிற்பகுதியில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது, நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே இருந்த எங்கள் பள்ளிக்குத் தொழிற்கல்விப் பிரிவாக மரவேலை கிடைத்தது. பட்டறைக்கென ஒரு கொட்டகையும், பயிற்றுநர் ஒருவரும், கருவிகள் வாங்கச் சிறிது நிதியும் வந்தன. கருவிகளை வாங்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. இயற்பியல் ஆசிரியர் சன்னல் வழியே வெளியே பார்த்தார். கணக்கு ஆசிரியர் தம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். தமிழாசிரியனாகிய நான் மட்டும், எழுதப்பட்டிருந்த தீர்மானத்தில் எழுவாய் பன்மையாகவும் பயனிலை ஒருமையாகவும் நின்றதைச் சுட்டிக்காட்டக் கையை உயர்த்தினேன். உயர்ந்த கையைத் தலைமையாசிரியர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் அவரது அறைக்குச் சென்று, உளியின் எந்த முனை கூரானது என்பதே எனக்குத் தெரியாது என முறையிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, இரங்கவும் இல்லை. "அதுனாலதான் தமிழய்யா உங்களப் போட்டிருக்கேன். மரம் தெரிஞ்ச ஆளப் போட்டா, பள்ளிக்கூடத்துக்கு ஒரு உளி வரும். அவரு ஊட்டுக்கு ஒரு பீரோ போவும்."

செங்கோடனின் அவசரம்

எங்கள் மரவேலைப் பயிற்றுநரின் பெயர் செங்கோடன். கை வேகமும் வாய் வேகமும் ஒருங்கே பெற்ற இளைஞர். முதல் நாளே என்னை உட்காரவைத்து, வாங்க வேண்டியவற்றுள் தலையாயது புறாவால் ஜிக் என்றார். இரண்டு பலகைகள் மூலையில் சேருமிடத்தில், ஒன்றின் நுனியைப் புறா விரித்த வாலைப் போலப் பல வால்களாக அறுத்து, மற்றொன்றில் அவற்றுக்கேற்ற பள்ளங்களை வெட்டிக் கோத்துவிடுவது புறாவால் மூட்டு. இழுப்பறையை எத்தனை முறை இழுத்தாலும் அதன் முகப்புப் பலகை தனியே கையோடு வந்துவிடாமல் காப்பது இதுவே. அவ்வால்கள் யாவும் ஒரே சாய்விலும் ஒரே இடைவெளியிலும் அமையுமாறு ரம்பத்துக்கு வழிகாட்டும் இரும்புச் சட்டத்துக்குத்தான் ஜிக் என்று பெயர். நான் அதற்கு உடனே 'வாலச்சு' என்று தமிழ்ப் பெயர் சூட்டி, கொள்முதல் கோப்பின் முகப்பிலும் எழுதிவிட்டேன்.

செங்கோடனுக்கு இருந்த அவசரம் வேறு. அவர் வேலை தற்காலிகமானது. ஆண்டு முடிவதற்குள் தொழிற்கல்வி ஆய்வாளர் வந்து, மாணவர்கள் மூட்டுகளைச் சீராகச் செய்கிறார்களா என்று பார்த்து, நிறைவு அடைந்தால்தான் அது நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் குமாரபாளையத்தில் விசைத்தறிக் கொட்டகை வைத்திருந்த அர்த்தநாரி என்பவர் தம் மகள் சரசுவை அவருக்குக் கொடுப்பார். இவ்வளவையும் சொல்லிவிட்டுச் செங்கோடன் கை கூப்பினார். "ஐயா, நீங்க வாலச்சுன்னு பேரு வெச்சாலும் சரிங்க, காதுகுத்தி நோம்பி கும்பிட்டாலும் சரிங்க, ஆய்வாளர் வாரதுக்குள்ள அத வாங்கிப் போட்டுருங்க. அது பட்டறைக்கு வந்தாத்தானுங்க எனக்குப் பொண்ணு ஊட்டுக்கு வரும்."

ஒருவரே மூவர்

பள்ளிக்கு எதை வாங்கினாலும் மூன்று கடைகளிலிருந்து விலைப்புள்ளி பெற வேண்டும். அவற்றுள் குறைந்ததை ஏற்க வேண்டும். இவ்விதியை இயற்றியவர், ஒரு பொருளை ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் விற்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அத்தகைய கருவிகள் விற்ற கடை அந்நாளில் எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். அதன் உரிமையாளர் என் இக்கட்டைக் கேட்டறிந்தார், காப்பி வரவழைத்தார், மேசைக்கு அடியிலிருந்து மூன்று வேறு கடைகளின் பெயர் அச்சிட்ட தாள்களை எடுத்தார். ஒன்று தம்முடையது, ஒன்று தம்பியுடையது, ஒன்று மைத்துனருடையது. நான் காப்பியை ஆற்றி முடிப்பதற்குள் மூன்று விலைப்புள்ளிகளும் ஆயத்தமாகிவிட்டன. அவற்றுள் ஒன்று, 'மற்ற இருவரைவிடக் குறைந்த விலைக்குத் தருகிறோம்' என்று தொடங்கியது. உறையிட்டு மூடி வரவேண்டிய விலைப்புள்ளிக்கு மற்ற இருவரின் விலை எங்ஙனம் தெரிந்தது என்று வினவினேன். அவர் அதனைக் கேள்வியாகவே கருதவில்லை.

நான் அத்தாள்களை ஏற்க மறுத்து, ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் முறைப்படி அஞ்சலில் எழுதினேன். இரு கடைகளிலிருந்தும் பதில் வந்தது. அப்பொருள் தங்களிடம் இல்லை என்றும், சேலத்தில் விசாரிக்குமாறும் எழுதியிருந்தார்கள். அக்கடிதங்களோடு மறுபடியும் செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்றேன். கடைக்காரர் அவற்றை நிதானமாகப் படித்து, மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நான் எழுதுனா ஏத்துக்க மாட்டேன்னீங்க. இவங்க என்னத்த எழுதியிருக்காங்க? என்கிட்டத்தான் வாங்கச் சொல்லியிருக்காங்க. இதத்தான சார் அன்னைக்கே நான் காப்பி வாங்கிக் குடுத்துச் சொன்னேன்?"

மின்சாரத்தால் இயங்குவது

கடையில் இரண்டு வகை ஜிக்குகள் இருந்தன. முதலாவது பம்பாயிலிருந்து வந்தது, பளபளப்பானது, சுழன்று வெட்டும் மின்கருவி ஒன்றோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டியது. கடைக்காரர் அதனை மேசைமேல் ஏற்றி, பலகையைச் செருகி, திருகுகளை முடுக்கி, என்னோடு வந்திருந்த செங்கோடனை அருகில் அழைத்து, விசையைத் தட்டினார். கருவி ஒருமுறை உறுமியது; மின்சாரம் நின்றுவிட்டது. அந்த ஆண்டுகளில் சேலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினால் நம்பமாட்டார்கள்.

கடைக்காரர் சோரவில்லை. நின்றுபோன கருவியைக் கையால் பிடித்துப் பலகையின் குறுக்கே தள்ளிக்கொண்டே, "ர்ர்ர்" என்று வாயால் ஓசை எழுப்பினார். ஒவ்வொரு பள்ளத்தையும் கடக்கும்போது, "ஒரு வால் விழுந்துருச்சுங்களா? இப்ப அடுத்த வால்" என்று அறிவித்தார். செங்கோடன் விழாத வால்களைக் கண்ணால் கண்டவரைப் போலத் தலையாட்டினார். வாயோசையிலேயே இழுப்பறை ஒன்று முழுமை பெற்றது. எங்கள் பள்ளியிலும் மின்சாரம் இவ்வண்ணமே நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். கடைக்காரர் ஜிக்கைத் துணியால் துடைத்தவாறு விடை பகர்ந்தார். "கரண்டு இல்லாதப்ப எல்லா மெசினும் ஒண்ணுதானுங்க சார். ஆனா இது மத்ததவிடப் பாக்க லட்சணமா இருக்கும்."

லாரிப் பட்டறையின் கொடை

விலையில்லாமல் ஒரு ஜிக் கிடைக்கும் என்று கூறி, செங்கோடன் என்னை நாமக்கல்லில் லாரிக்கு மரக்கூண்டு கட்டும் பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த மேஸ்திரி ஊரே கேட்கத் தம் பெருமை பேசுபவர். லாரியின் பழைய வில்பட்டையை அறுத்துத் தாமே செய்த ஜிக் ஒன்றைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரு கைகளாலும் தூக்கி வந்து, என் மடியில் வைத்தார். நான் நாற்காலியோடு பின்னுக்குச் சாய்ந்தேன். அதில் அறுத்த வால் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு இருந்தது. தலைமையாசிரியரின் மேசைக்கென நாங்கள் முதலில் செய்யவிருந்த இழுப்பறையின் உயரத்துக்கு அவ்வாலில் ஒன்றே கால்தான் கொள்ளும். புறா என்பது பொருந்தாது; மயில் எனலாம்.

வேலைப்பாடு உறுதியானதுதான் என்றும், தலைமையாசிரியரின் மேசைக்குச் சற்று நுட்பமாக இருந்தால் நன்று என்றும் இயன்றவரை மென்மையாகக் கூறினேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. செங்கோடன் பக்கம் திரும்பி, "ஏப்பா, நல்ல மனுசனக் கூட்டியாந்தே" என்றார். பிறகு என்னை நோக்கினார். "எங்க டிராயரு நாமக்கல்லுல கெளம்புனா நாக்பூரு வரைக்கும் குதிச்சுக்கிட்டே போவுதுங்க சார். உங்க மேசை எங்கீங்க போவுது? பெல்லடிச்சா எந்திரிச்சுப் போறது எட்மாஸ்டருதானுங்களே?"

எதைக் காட்டினாலும் நன்று

எஞ்சியிருந்தது கடைக்காரரின் இரண்டாவது ஜிக். மறுபடியும் சேலம் சென்று பார்த்தபோது, எடைக்கற்களுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. வார்ப்பிரும்பில் செய்த பெரிய சீப்பைப் போன்றது. பலகையின் நுனியில் பூட்டி, பற்களுக்கு இடையே ரம்பத்தை விட்டு அறுத்தால் வால்கள் ஒரே சீராக வரும். மின்சாரம் தேவையில்லை. மடியில் வைத்தாலும் நாற்காலி சாயாது. எனினும் வல்லுநரின் கருத்து கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செங்கோடனிடம், மூன்றில் எது சிறந்தது என்று முறைப்படி வினவினேன்.

இங்குதான் அவருடைய குணம் தெரிந்தது. பம்பாய் ஜிக்கைக் காட்டினால், "இதுதானுங்க ஐயா" என்பார். சீப்பைக் காட்டினால், "இதுவுந்தானுங்க" என்பார். நாமக்கல் மேஸ்திரியின் பெயரைச் சொன்னால், "அவரு கைக்கு ஈடு உண்டுங்களா?" என்று உருகுவார். ஒன்றை நீக்குங்கள் என்றேன். அது மட்டும் அவரால் இயலவில்லை. பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது; என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. செங்கோடன் தலை குனிந்து நின்றார். "கோச்சுக்காதீங்க ஐயா. பொண்ணு பாக்கப் போனப்பவே நான் ஒண்ணே ஒண்ணுதான் பாத்தேன். இத்தனையக் கொண்டாந்து வெச்சா எனக்கு எப்பிடீங்க தெரியும்?"

சீப்பு வடிவ ஜிக்கை வாங்கினோம்.

கடைசி வால்

அன்பர்களே, வாங்கும் பொருளின் அளவை எல்லாரும் கேட்பர். அப்பொருள் நம்மிடம் எதிர்பார்க்கும் அளவை எவரும் கேட்பதில்லை. தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்திருந்த அளவின்படி இழுப்பறைப் பலகைகள் அனைத்தையும் மரவாடியில் இம்மியும் பிசகாமல் அறுத்து வாங்கி வைத்திருந்தேன். ஜிக்கின் பற்களுக்கு இடையே இருந்த தொலைவோ எதற்கும் அசையாதது. பலகையின் மேல்விளிம்பில் தொடங்கி அறுத்தால், முழு வால்கள் வரிசையாக விழுந்து, கீழ்விளிம்பில் கடைசியாகக் கால் வால் ஒன்று மிஞ்சும். அது நகத்துணுக்கு அளவே இருந்தமையால், உளி பட்டவுடன் தெறித்து ஓடியது. கீழிருந்து தொடங்கினால் மேலே தெறித்தது. நடுவிலிருந்து தொடங்கினால் இரு புறமும் தெறித்தது. அந்த வாரம் முழுவதும் மாணவர்கள் மூட்டு செய்ததைவிடத் துணுக்குகளைப் பொறுக்கியதே மிகுதி.

ஜிக்கை மாற்ற இயலாது. ஆகவே பலகையை மாற்றுவது என்று செங்கோடன் முடிவு செய்தார். கால் வாலுக்குரிய அளவைப் பலகைகள் எல்லாவற்றிலும் இழைத்துத் தள்ளினார். அதன் பின்னர் மூட்டுகள் மிக அழகாக வந்தன. வச்சிரப் பசை பூசி இறுக்கிய மூலைகளில் ஒரு தாள்கூட நுழையாது. நான் பாராட்டினேன். அவர் கொட்டகையில் அடுக்கிய இழுப்பறைகளைத் தள்ளி நின்று பார்த்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க ஐயா, பலகை நம்ம பேச்சக் கேக்குது. இந்த இரும்புதான் ஆருக்கும் அடங்க மாட்டேங்குது."

மேசையும் இழுப்பறையும்

அந்த இழுப்பறைகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதை அப்போதுதான் எங்கள் இருவருக்கும் நினைவுபடுத்திக்கொள்ள நேர்ந்தது. ஊர்ப் பெருமகன் ஒருவர் தலைமையாசிரியருக்கு மேசை ஒன்று நன்கொடையாகத் தந்திருந்தார். இழுப்பறைகளுக்குரிய திறப்புகள் இரு புறமும் வாய் பிளந்திருந்தன. இழுப்பறைகளை மட்டும் அவர் தரவில்லை. அவற்றைப் பள்ளியே செய்து, ஆய்வாளர் வரும் நாளில் அம்மேசையின் முன்னால் அவரை அமரவைப்பது என்பது தலைமையாசிரியரின் திட்டம். செங்கோடன் முதல் இழுப்பறையைச் செருகினார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே ஓடி, மேலே அரை விரற்கடை இடைவெளியை விட்டுவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டது. இழுத்தால் முன்புறம் கவிழ்ந்தது. அடுத்ததும் அவ்வாறே. இடைவெளியில் சட்டம் வைத்து அடைத்துவிடலாம் என்று செங்கோடன் சொல்லிப் பார்த்தார். நன்கொடையாளரின் பெயர் பொறித்த மேசையில் ஒட்டுப் போடுவதற்குத் தலைமையாசிரியர் இணங்கவில்லை.

அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மிக அமைதியாகப் பேசினார். "தமிழய்யா, நான் மேசைக்கு இழுப்பறை கேட்டேன். நீங்க ஜிக்குக்கு இழுப்பறை செஞ்சு குடுத்திருக்கீங்க. இனி இந்த இழுப்பறைக்கு ஒரு மேசை செய்யுங்க. அந்த மேசைக்குத் தக்கன ஒரு எட்மாஸ்டரையும் பாத்துக்குங்க."

போட்டி மாப்பிள்ளை

இதற்கிடையில் ஒருநாள் அர்த்தநாரி பள்ளிக்கே வந்துவிட்டார். காலமெல்லாம் விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகியவர். இரகசியத்தைக்கூட நாற்பது தறிக்கு மேலாகக் கேட்கும்படிதான் சொல்வார். அவர் என்னிடம் வந்து வணக்கம் சொன்னபோது, பக்கத்து வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார்கள். செங்கோடன் பலகை அடுக்கின் பின்னே மறைந்துகொண்டார். அவரது முழங்கை மட்டும் வெளியே தெரிந்தது.

வேலை நிரந்தரமாகுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். ஆய்வாளர் வரும் வரை எதுவும் கூற இயலாது என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதைப் பள்ளி முழுவதும் கேட்டது. "பையன் தங்கமான பையனுங்க, கொற சொல்லப்படாது. ஆனா மின்சார ஆபீசுல இருக்கற பையனொருத்தனுக்கு இப்பக் கேட்டு வந்திருக்காங்க. கரண்டு நின்னா நான் தறியப் பாத்துக்கிட்டு தலையில கை வெச்சுக் குந்திக்கறேன். மாப்ள அங்கிருந்தான்னு வெய்ங்க, ஒரு ஆள் உட்டாப் போதும். நீங்களே சொல்லுங்க வாத்தியாரய்யா, இந்தப் பொறாவால வெச்சுக் கரண்டு கொண்டாற முடியுமுங்களா?"

ஆய்வாளர் இழுத்தார்

ஆய்வாளர் வந்தார். பொருந்தாத இழுப்பறைகளை மேசையிலிருந்து தொலைவில், பட்டறையின் மூலையில் அழகாக அடுக்கியிருந்தோம். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். வச்சிரம் பூசி இறுகியதைப் பிரிக்க முடியாது என்றார் செங்கோடன். பிரித்துக் காட்டினால்தானே சேர்த்ததாக எழுத முடியும் என்றார் ஆய்வாளர். அதனால் செங்கோடன் அங்கேயே சீப்பைப் பூட்டி, புதிதாக இரு பலகைகளை அறுத்து, பசையில்லாமல் கோத்து, அவர் கையில் கொடுத்தார். ரம்பம் ஓரிடத்திலும் பிசகவில்லை.

ஆய்வாளர் ஒரு பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, மற்றொன்றை இரு கைகளாலும் இழுத்தார். வரவில்லை. மேற்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மீண்டும் இழுத்தார், முகம் சிவந்தது, மூட்டு அசையவில்லை. அம்மூட்டின் சிறப்பே அதுதான் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, செங்கோடன் உதவ எண்ணி, குறுக்குவாட்டில் கொட்டாப்புளியால் இலேசாக ஒரு தட்டு தட்டினார். பலகைகள் இரண்டும் தனித்தனியே வந்துவிட்டன. அதற்காகத்தான் பசை பூசுவது என்று நான் விளக்கியதை ஆய்வாளர் செவிமடுக்கவில்லை. மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, இன்னும் ஓராண்டு தற்காலிகமாகத் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். "இழுத்தால் வரமாட்டேன் என்கிறது, தட்டினால் வந்துவிடுகிறது. இப்படி இரண்டுங்கெட்டானாக இருப்பதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஐயா நிரந்தரம் என்று எழுதுவது?"

ஏலம்

மேசைக்குப் பொருந்தாத இழுப்பறைகளைத் தணிக்கைக்கு முன் அகற்றிவிடுமாறு தலைமையாசிரியர் பணித்தார். பள்ளிப் பொருளைச் சும்மா தூக்கிக் கொடுக்க இயலாது; அறிவிப்பு ஒட்டி, நாள் குறித்து, ஏலம் விட வேண்டும். அவ்வாறே ஒட்டினேன். மேசையில்லாத இழுப்பறைகளை எவர் கேட்பார்? குறித்த நாளில் மாமரத்தடியில் ஒரே ஒருவர் வந்து நின்றார். அவர் அர்த்தநாரி. தறிக்குப் பக்கத்தில் நூல் வைக்கப் பெட்டி தேவை என்றார். செங்கோடனின் வேலை பற்றிக் கேட்டறிந்துகொண்டு, "அடுத்த வருசம் அடுத்த வருசம்னா, பொண்ணு வயசும் அடுத்த வருசமாவுதுங்களே" என்று பெருமூச்சு விட்டார். அன்று செங்கோடன் பலகை அடுக்கின் பின்னே ஒளியவும் இல்லை. பட்டறை வாயிலில் வெறுமனே நின்றுகொண்டிருந்தார்.

அர்த்தநாரி தம் விலையைச் சொன்னார். நான் விதிப்படி "ஒரு தரம்" என்றேன். சுற்றிலும் பார்த்தேன். மாமரத்தில் அணில் ஒன்று இருந்தது. "இரண்டு தரம்" என்றேன். அர்த்தநாரி தமக்குப் பின்னால் எவரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என்மேல் இரக்கம் கொண்டார். "எனக்கு எதிரா கேக்கறதுக்கு ஒரு ஈ காக்கா இல்லீங்களே. அப்பறம் எதுக்குங்க வாத்தியாரய்யா தொண்டத்தண்ணி வத்தக் கத்தறீங்க? மூணாவது தரத்த நானே சொல்லிப் போடறேனுங்க."

தறிக்கொட்டகையில்

சில வாரங்கள் சென்றபின், வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு வருமாறு குமாரபாளையத்திலிருந்து செங்கோடனுக்கு ஆள் வந்தது. இல்லை என்பதை நேரில் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார் செங்கோடன். கொட்டகைக்குள் நுழைந்ததும் காது அடைத்தது. தறிகள் அடித்த அடியில் தரை அதிர்ந்தது. என் மூக்குக் கண்ணாடி தானாகவே கீழே நழுவியது. சுவரோரம் பழைய பெட்டிகள் குவிந்து கிடந்தன. சரக்கு வந்த பலகையை ஆணியடித்துச் செய்தவை. ஓயாத அதிர்வில் ஆணிகளெல்லாம் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வோர் ஆணியிலும் அறுந்த நூல் சுற்றியிருந்தது. தறிகளுக்கு அருகிலோ எங்கள் இழுப்பறைகள் இருந்தன. ஊடைநூல் சுற்றிய தார்கள் அவற்றில் நிரம்பியிருந்தன. அதே அதிர்வில் அவையும் நின்றிருந்தும், எந்த மூலையும் விட்டுக்கொடுக்கவில்லை.

தார் சுற்றும் இடத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தாள். அவள்தான் சரசு. இழுப்பறைக்குள் பார்க்காமலே கையைவிட்டு, தாரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் பழைய கீறல்கள் பல இருந்தன. புதியது ஒன்றும் இல்லை. அர்த்தநாரி எங்களை அவளருகிலேயே நிறுத்தி, தறிகளின் இரைச்சலுக்கு மேலே குரலெடுத்துத் தம் முடிவைத் தெரிவிக்கலானார். பெட்டி நல்ல பெட்டிதான், பையனும் நல்ல பையன்தான், இருந்தாலும் தொழில் நடத்துகிறவனுக்கு மின்சாரம் முக்கியமல்லவா என்று சுற்றி வளைத்து, "அதுனால நான் அந்தக் கரண்டாபீசு மாப்ளைக்கே" என்று அவர் முழங்கியபோது, தறிகள் அனைத்தும் ஒருசேர நின்றன. மின்சாரம் போய்விட்டது. 'மாப்ளைக்கே' என்னும் சொல் மட்டும் கொட்டகையைத் தாண்டித் தெருவரைக்கும் சென்றது. தெருவில் யாரோ இருமினார். செங்கோடன் நிலத்தைப் பார்த்தார். சரசு தாரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். குரலை உயர்த்த வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. "கரண்டு போனா ஊருக்கே போவுதுங்கப்பா, வந்தா ஊருக்கே வருது. அந்த ஆணிப் பொட்டி மட்டுந்தான் என்ற கையத் தேடித் தேடிக் குத்துச்சு. கரண்டு மாப்ள வேணும்னா அவர நீங்களே கட்டிக்குங்க; எனக்கு இந்தப் பொட்டிக்காரரே போதும்."

அந்தத் தை மாதமே திருமணம் நடந்தேறிவிட்டபடியால், வாங்கிய நோக்கத்தை ஒருநாளும் நிறைவேற்றாமலே முழுப் பயன் தந்த பள்ளிக் கருவி என்று, எனக்குத் தெரிந்தவரை, அந்தச் சீப்பு ஜிக் ஒன்றையே சொல்ல முடிகிறது.